மிகப் பொருத்தமான விடை

மூன்றாம் முறை.
சுட்டெண்ணை மேசையில் ஒட்டியிருக்கிறார்கள்,
ஒரு மூலை ஈரத்தில் கிளம்பி நிற்கிறது.
நேற்றிரவு கல்முனையில் தொடங்கிய மழை
மண்டபத்துத் தகரத்தில் இன்னும் முடியவில்லை.
நோக்குநர் வாசிப்பது பாதிதான் கேட்கிறது,
மீதி எனக்குப் பாடம்.

வாசலில் காதைக் காட்டச் சொன்னார்கள்.
ஒரு ரீச்சர் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்தா.
இரண்டு காதும் அங்கேதான் இருந்தன.
"மன்னிச்சுக்கங்க மகள்" என்றா.
அடையாள அட்டைப் படத்தில் எனக்குப் பதினாறு வயது.
அவளுக்கு உயிரியல் எவ்வளவு சுகமாக இருந்தது!

முதலாம் பகுதி. ஐம்பது வினா, இரண்டு மணித்தியாலம்.
ஐந்து விடைகளில்
சரியானதை அல்லது மிகப் பொருத்தமானதைத்
தெரிந்து புள்ளடி இடுக.

நுஸ்கி கொமினிகேஷனின் கண்ணாடியில்
இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை
குப்புறக் கிடத்தியிருப்பேன்.
பக்கம் பத்து ரூபாய்.
பத்து வருடத் தாள் ஒரு கட்டு,
அடுக்கும்போது சூடு விரலில் ஒட்டும்.
எந்த வருடம் தவளை வந்தது,
எந்த வருடம் சிறுநீரகத்தி வந்தது,
கேட்டால் கட்டைப் பிரிக்காமல் சொல்வேன்.
அப்படிச் சொல்லத் தெரிந்தவளுக்குப் போன முறை
இரண்டு எஸ், ஒரு சி.

'அல்லது'.
இந்தச் சொல்லை இரண்டு தடவையும்
மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன்.
சரியானது அகப்படாவிட்டால்
பொருந்துவது போதும் என்று
பரீட்சைத் திணைக்களமே சொல்கிறது.
உம்மா சொல்வதும் இதைத்தான்:
ஒலுவில் மாப்பிள்ளை, கட்டாரில் கடை,
மிகப் பொருத்தம்.

முப்பத்தொன்றில் கண்டல் தாவரம்.
கல்லாற்றுப் பாலத்தால் போகும்போதெல்லாம் பார்த்ததுதான்,
சேற்றுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.
தாளில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி.
பென்சிலால் இரண்டுக்கு இட்டேன்.
அழித்தேன்.
நாலுக்கு இட்டேன். அதையும் அழித்து
மீண்டும் நாலுக்கே.

நாற்பத்தொன்றிலிருந்து சட்டம் மாறும்.
ஏ, பீ, டீ சரியென்றால் ஒன்று,
ஏ, சீ, டீ என்றால் இரண்டு,
ஏயும் பீயும் மட்டும் மூன்று,
சீயும் டீயும் மட்டும் நாலு.
வேறு எப்படிச் சேர்ந்தாலும் ஐந்து.
எனக்கு ஐந்தைப் பிடிக்கும்.
எந்தச் சேர்மானத்திலும் நிற்காததுக்கும்
ஒரு கூடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

வெளியே நிதுர்ஷினி, குடை இல்லாமல்.
அவள் படித்தது பெரியகல்லாற்றில், நான் மருதமுனையில்.
மூன்றாம் முறைக்காரர் இருவரும்
நனைந்த ஒரே சீற்றில் இருந்து விடை பார்த்தோம்.
"முப்பத்தொண்டு?"
"நாலு."
"நானும் நாலு புள்ள."
ஐம்பதும் அப்படியே ஒன்றாக வந்தது.
சிரித்தோம். பிறகு பயந்தோம்,
பிழையென்றால் சேர்ந்தே பிழை.

சேர்ந்தே சரியென்றாலும்
பெரியநீலாவணை தாண்டியதும் ஒரு பலகை இருக்கிறது.
அதோடு அம்பாறை முடிகிறது, மட்டக்களப்பு தொடங்குகிறது.
கடலும் வாவியும் அதைக் கவனிப்பதில்லை,
வெட்டுப்புள்ளி கவனிக்கும்.
தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம்,
அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.
எங்களில் ஒருத்தி வெள்ளை அங்கி போடலாம்,
மற்றவள் அதே விடைகளோடு வீட்டிலிருக்கலாம்.
அதை நாங்கள் பேசவில்லை.
கச்சான் சரையை எனக்குத் தந்தாள்,
பாதியை எடுத்துக்கொண்டு நான் முதலில் இறங்கினேன்.

பின்னேரம் கடையில் வரிசை.
அடுத்த வருடப் பிள்ளைகள்.
"இண்டைக்கு வந்த தாள் இருக்கா தாத்தா?"
வேறு யாரிடமும் இல்லை.
என்னுடையதை விரித்துக் கண்ணாடியில் வைத்தேன்.
புள்ளடிகளை ஒவ்வொன்றாய் அழிறப்பரால் தேய்த்தும்
முப்பத்தொன்று போகவில்லை,
அவ்வளவு தடவை அழுத்தியிருக்கிறேன்.

அறுபது பிரதி கேட்டார்கள்.
மூடியைச் சாத்தினேன். வெளிச்சம் ஓடியது.
சூடாக வந்த ஒவ்வொரு தாளிலும்
முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில்
ஒரு சாம்பல் கறை,
இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்.